மூன்று ஷிப்ட் மருந்து

நேற்று நம் பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி தன் நாயின் படத்தைப் போட்டிருந்தாள். கண்ணைச் சுற்றி முடி உதிர்ந்து, தோல் சிவந்து, ஓரமெல்லாம் ஈரம். என்ன செய்யலாம் என்று ஒரே ஒரு வரி கேட்டிருந்தாள். அவ்வளவுதான், நம்மில் இத்தனை வைத்தியர்கள் ஒளிந்திருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. ஒருவன் மஞ்சள் என்றான். ஒருத்தி தேங்காயெண்ணெய் என்றாள். விஞ்ஞான வகுப்பில் எப்போதும் பெஞ்சு மேல் நின்றவன் புளித்த மோர் என்று எழுதி, கூடவே கைகூப்பும் படமும் போட்டான். கண்ணாடி இல்லாமல் ஒரு வரி படிக்க முடியாத வயதுக்கு வந்துவிட்டோம், அடுத்தவர் கண்ணுக்கு மருந்து சொல்ல மட்டும் ஒருவரும் தயங்குவதில்லை. நான் அவளுக்குத் தனியாக எழுதினேன்: ஒன்றும் போடாதே, டாக்டரிடம் கொண்டு போ. ஏன் என்று கேட்டாள். கட்டைவிரலால் தட்டி முடிகிற கதை இல்லை அது. அதனால் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு உங்களில் பலருக்குத் தெரியும். இருங்காட்டுக்கோட்டையில், பெங்களூர் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் மாதா கோயிலுக்கு முன்னால் வரும். கார் கம்பெனி வந்த புதிது அப்போது. காலி மனை வைத்திருந்தவர்கள் எல்லாரும் வரிசையாக ரூம் கட்டி வாடகைக்கு விட்டார்கள். அப்பாவும் கட்டினார். தகரக் கதவு, ரூமுக்கொரு ஜன்னல், எல்லா ரூமுக்கும் சேர்த்து ஒரே சிமெண்ட் தொட்டி. அப்பா கம்பெனி பஸ் ஓட்டினார். அம்மா பின்கட்டில் மெஸ் நடத்தினாள். நானும் தம்பியும் தங்கையும் குழம்புக் கொதியின் வாசனையில் பாடம் படித்தோம். இன்றைக்கும் பூண்டு வதங்கும் வாசனை வந்தால் எனக்குப் பெருக்கல் வாய்ப்பாடு நினைவுக்கு வரும், அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

முதல் ரூமில் மூன்று அண்ணன்கள் இருந்தார்கள். ஊர்ப் பெயரால்தான் அவர்களைக் கூப்பிடுவோம்: திருநெல்வேலி அண்ணன், தேனி அண்ணன், ராமநாதபுரம் அண்ணன். மூவரும் ஒரே கம்பெனி, ஆனால் வேறு வேறு ஷிப்ட். வாராவாரம் ஷிப்ட் மாறும், ஆனால் மூவருக்கும் சேர்ந்தே மாறுவதால் அவர்கள் ஒன்றாக இருக்கும் நேரம் என்று ஒன்று கிடையாது. ஒருவர் வந்து படுக்கும்போது இன்னொருவர் எழுந்து போவார். அந்த ரூமில் இருந்த ஒற்றைப் பாய் சூடு ஆறியதே இல்லை என்று அம்மா கேலி செய்வாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் யாராவது ஒருவருக்கு ஓ.டி., அதாவது ஓவர்டைம், இருக்கும். ஒரே ரூமில் குடியிருந்துகொண்டு ஒருவரை ஒருவர் விசாரிக்க என்னிடம் சொல்லி அனுப்புவார்கள்.

அந்த ரூம் வாசலில்தான் எங்கள் நாய் படுத்திருக்கும். பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். அது எப்போது வந்தது என்று யாருக்கும் நினைவில்லை. வேலை முடித்து வருகிற ஒவ்வொருவர் கையையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடும். அதனால் தேனி அண்ணன் அதற்கு சூப்பர்வைசர் என்று பெயர் வைத்தார். கம்பெனி சூப்பர்வைசரைத் திட்ட முடியாத கோபத்தை எல்லாம் இதைச் செல்லமாகத் திட்டித் தீர்த்துக்கொண்டார்கள்.

புரட்டாசி மாதம். முதல் மழை பெய்து, காலி மனையெல்லாம் புல் முளைத்திருந்தது. சூப்பர்வைசர் அதில் முகத்தை நுழைத்து எதையோ துரத்திவிட்டு வந்தது. மறுநாள் இடது கண்ணுக்குக் கீழே லேசாகச் சிவந்திருந்தது. முன்னங்காலால் தேய்த்துக்கொண்டே இருந்தது. அப்புறம் வலது கண்ணுக்கும் பரவியது.

இனி நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள். திருநெல்வேலி அண்ணன் காலை ஷிப்டுக்குப் போகும் முன் வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துக் கண்ணைச் சுற்றிப் பூசிவிட்டுப் போவார். அவர் ஊரில் ஆட்டுக்கு அப்படித்தான் செய்வார்களாம். மதியத்தில் தூங்கி எழுகிற தேனி அண்ணன் பார்ப்பார், கண்ணோரமெல்லாம் மஞ்சளாக என்னவோ வழிகிறது. சீழ் பிடித்துவிட்டது என்று பதறுவார். பனியன் வேஸ்ட் தெரியுமல்லவா, கம்பெனியில் மெஷின் துடைக்கக் கொடுக்கும் துண்டுத்துணி, அதில் ஒரு பிடி எடுத்து அழுத்தித் துடைத்துவிட்டு, கார் பூட்டும் லைனில் கையைச் சுட்டுக்கொள்பவர்களுக்காக வைத்திருக்கும் வெள்ளைக் களிம்பைக் கேட்டு வாங்கி வந்ததைப் பூசுவார். சாயங்காலம் ராமநாதபுரம் அண்ணன் வேலைக்குக் கிளம்பும்போது பார்ப்பார், கண்ணைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. படிகாரத்தைத் தண்ணீரில் கரைத்துக் கழுவுவார். அது காய்ந்து பொருக்குத் தட்டி நிற்கும். விடிந்ததும் திருநெல்வேலி அண்ணன் பார்ப்பார், ஐயோ, தோல் வெடிக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் கெட்டியாக மஞ்சளைக் குழைப்பார்.

ஒருவர் போட்ட மருந்து அடுத்தவர் கண்ணுக்கு நோயாகத் தெரிந்தது. ஷிப்ட் மாறினால் மருந்து போடும் நேரம் மாறும், வேறொன்றும் மாறாது. நான் இதையெல்லாம் துண்டு துண்டாகப் பார்த்தேன். டாக்டர் மூன்று வேளை மாத்திரை சொல்வது மாதிரி, இதுவும் மூன்று வேளை மருந்து என்றுதான் நினைத்தேன். அவர்கள் பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்கள் என்று நம்பினேன். பெரியவர்கள் பேசிக்கொள்ளாமல் ஒரு காரியம் செய்வார்கள் என்று அந்த வயதில் யாருக்குத் தோன்றும்? அம்மாவுக்கும் தெரியும், பையன்கள் என்னவோ செய்கிறார்கள் என்று. யார் எதைப் போடுகிறார்கள் என்று நின்று கேட்க அவளுக்கு நேரமில்லை, அடுப்பில் எப்போதும் ஒரு உலை இருந்தது.

சூப்பர்வைசர் கண்ணைச் சுற்றி முடி முழுக்கப் போய்விட்டது. இமை வீங்கி, பாதி மூடியபடி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கும். ஆள் வருவது தெரியாமல் சில சமயம் சுவரைப் பார்த்து வாலாட்டும். இத்தனைக்கும் அது மருந்து போட வருகிற ஒருவரையும் கடித்ததில்லை, ஒரு உறுமல்கூட இல்லை. எல்லாருக்கும் முகத்தைத் தூக்கிக் காட்டியது.

அப்புறம் மெஸ்ஸில் பேச்சு வந்தது. பக்கத்து வரிசை ரூமிலிருந்து சாப்பிட வந்த ஒருவர், சூப்பர்வைசர் வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனார். சொறி நாய் என்றார். தட்டிலேயே ஒட்டிக்கொள்ளும் என்றார். அதற்குப் பிறகு இன்னும் சிலர் வரவில்லை. அம்மா அன்று மாலை அப்பாவிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். டெம்போ ஓட்டுகிற ஒருவர் எங்கள் மெஸ்ஸுக்கு அரிசி மூட்டை இறக்குவார். அவரிடம் சொல்லி, வடக்குப்பட்டுப் பக்கம் ஏரிக்கரையில் நாயை விட்டுவிட்டு வரவேண்டும். ஆயுதபூஜை முடிந்த மறுநாள் காலை. எங்கள் வீட்டில் அம்மா சொல்வதுதான் சட்டம், அப்பா தலையை ஆட்டினார்.

நான் அம்மாவோடு பேசுவதை நிறுத்தினேன். மாதா படத்துக்கு முன்னால் முட்டி போட்டு, அம்மா மனசு மாற வேண்டும் என்று வேண்டினேன். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் சீசா இருக்கும், மாதா உருவத்திலேயே செய்தது, கிரீடம்தான் மூடி, நீல நிறம். அதில் கோயிலில் மந்திரித்த எண்ணெய். எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா நெற்றியில் ஒரு சொட்டு வைப்பாள், மற்றபடி யாரும் தொடக்கூடாது. அன்று மாதாவின் கிரீடம் கோணலாக மூடியிருந்தது. தம்பிதான் விளையாடியிருப்பான் என்று நினைத்து நேராக்கி வைத்தேன். இப்போது அந்தச் சீசாவும் இல்லை, அந்த மாதிரி நீலத்தை வேறெங்கும் நான் பார்த்ததும் இல்லை.

ஆயுதபூஜைக்கும் மறுநாளுக்கும் கம்பெனி லீவு. மூன்று ஷிப்டும் ஒன்றாக வீட்டில் இருந்தது அந்த வருஷத்திலேயே அப்போது மட்டுமாகத்தான் இருக்கும். பூஜை அன்று சைக்கிளைக் கழுவி, ஸ்பேனருக்குச் சந்தனம் வைத்து, பொரிகடலை பரப்பி ரூம் வாசலில் பூஜை போட்டார்கள். அம்மா சுண்டல் செய்து கொடுப்பாள், பூஜையில் நிற்கமாட்டாள், கதவருகே நின்று பார்ப்பாள். பூஜை முடிந்ததும் திருநெல்வேலி அண்ணன் மஞ்சள் கிண்ணத்தோடு உட்கார்ந்து சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். அது வந்து முகத்தைத் தூக்கிக் காட்டியது.

தேனி அண்ணன் சுண்டலை மென்றுகொண்டே வந்தவர் நின்றுவிட்டார். "என்னப்பா பண்ற? இப்பத்தான அந்தச் சீழத் துடைச்சு விட்டேன்."

"எது சீழு? நா போட்ட மஞ்சளுல்லா அது. இத்தன நாளா நீதான் தொடைக்கியா?"

ராமநாதபுரம் அண்ணன் தொட்டியடியில் படிகாரம் கரைத்துக்கொண்டிருந்தார். அவர் மெதுவாக எழுந்து வந்து, "அப்ப அந்த வெள்ளப் பூஞ்ச?" என்று கேட்டார்.

தேனி அண்ணன் கையிலிருந்த களிம்பு டப்பாவைக் காட்டினார். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் சிரித்துவிட்டேன். அவர்கள் சிரிக்கவில்லை. திருநெல்வேலி அண்ணன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நாயின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார்.

மூவரும் சேர்ந்து அம்மாவிடம் போய்க் கேட்டுப் பார்த்தார்கள். இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள் அக்கா என்று கெஞ்சினார்கள். அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "ஊரே பாத்துப் போச்சுப்பா. காலைல வண்டி வருது," என்றாள். அவள் முகத்தை அவர்களுக்குக் காட்டவே இல்லை என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அன்று அதைக் கல்நெஞ்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் விஜயதசமி. டெம்போ வந்து நின்றது. முகப்பில் வாழைக்கன்று, கண்ணாடியில் சந்தனப் பொட்டு, சக்கரத்தில் நசுங்கிய எலுமிச்சம்பழம் ஒட்டியிருந்தது. அண்ணன்கள் ஒரு சாக்கை விரித்து நாயை ஏற்றினார்கள். எங்கே போகிறோம் என்று அப்பா சொன்னதும் டிரைவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். அரிசி இறக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தாராம்.

"பூஜ போட்ட வண்டி, அக்கா. இதான் மொத சவாரி. ஒரு உசுர இட்டுகினு போயி அநாதையா வுட்டுட்டு வந்தேன்னா, வருசம் பூரா எனக்கு அதே பொழப்பாப் பூடும். வேற எங்கனா சொல்லு, துட்டே வாணாம், போறேன்."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபப்படப் போகிறாள் என்று நான் பயந்தேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"அப்ப மாட்டாஸ்பத்திரிக்குப் போ," என்றாள்.

இதில் என்ன அதிசயம் என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் மாட்டாஸ்பத்திரி மாட்டுக்குத்தான். கறவை மாடு வைத்திருப்பவர்கள் போவார்கள். வாசலில் கிடக்கிற நாயை ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் போவது என்று அதுவரை எங்கள் வரிசையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மாவுக்கும் அந்த ஒரு நிமிஷத்தில்தான் தோன்றியிருக்கும். லீவு நாளிலும் காலையில் கொஞ்ச நேரம் திறந்திருப்பார்கள் என்று டிரைவர் சொன்னார். அண்ணன்கள் மூவரும் பின்னால் தொற்றிக்கொண்டார்கள். என்னை வேண்டாம் என்று யாரும் சொல்வதற்குள் நானும் ஏறிவிட்டேன்.

டாக்டர் ஒரு அம்மா. வாசலில் இரண்டு மாடுகளும் ஒரு கன்றும் நின்றன, சாணமும் மருந்தும் கலந்த வாசனை. எங்கள் முறை வந்ததும் சூப்பர்வைசர் தானாகவே அவரிடம் முகத்தைத் தூக்கிக் காட்டியது. தோலை லேசாகச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சொறி இல்லை, பூச்சி எதுவும் இல்லை, யாருக்கும் ஒட்டாது என்றார். நல்ல வேளையாகக் கண்ணுக்குள்ளும் எதுவும் ஆகவில்லை. பிறகு கண்ணைச் சுற்றி என்னென்ன போட்டீர்கள் என்று கேட்டார்.

திருநெல்வேலி அண்ணன் சொன்னார். தேனி அண்ணன் சொன்னார். ராமநாதபுரம் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். டாக்டர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். முதலில் புல்லோ பூச்சியோ பட்டு அரித்திருக்கும், சும்மா விட்டிருந்தால் தானாக ஆறியிருக்கும், மற்றதெல்லாம் நீங்கள் தேய்த்துத் தேய்த்து வரவழைத்தது என்றார். அப்புறம் இமை ஓரத்தை விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்தார்.

"இது வேப்பெண்ணெய் இல்லையே. இன்னும் யார் போட்டது?"

அண்ணன்கள் மூவரும் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

"அது நான் வச்சது, டாக்டரம்மா," என்றாள் அம்மா. "மாதா கோயில் எண்ண. கோழி கூவற நேரத்துக்கு எழுந்து உல வைக்கறப்ப, யாருக்கும் தெரியாம வெப்பேன்."

எனக்கு அந்த நீலச் சீசாவின் கோணல் மூடி நினைவுக்கு வந்தது. டாக்டர் என் அம்மாவைத் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து மெல்ல ஒற்றி எடுக்க வேண்டும், கண்ணுக்குள் இந்த ஒரு மருந்து, காலால் தேய்க்காமல் இருக்கக் கழுத்தில் ஒரு வளையம், வேறு எதுவும் கூடாது என்றார். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கடைசியாகச் சொன்னார்.

திரும்பி வரும்போது நான் முன்சீட்டில் அம்மா மடியில் இருந்தேன். இத்தனை நாள் பேசாமல் இருந்ததை மறந்து, அப்புறம் ஏன் ஏரிக்கரையில் விடச் சொன்னாய் என்று கேட்டேன். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கண்ணு பூடும்னு நெனச்சேன். அது தட்டித் தடவிகினு என் வாசல்ல வந்து நிக்கறத என்னால பாக்க முடியாதுடி. தூரமா எங்கனா இருந்தா, நல்லாத்தான் கீதுன்னு நெனச்சிக்கலாம்ல."

அம்மா அழுது அன்றுதான் முதலில் பார்த்தேன். டிரைவர் பார்க்காத மாதிரி ஹாரன் அடித்தார்.

அன்று சாயங்காலம் ரூம் வாசலில் ஒரு கூட்டம் நடந்தது. தேனி அண்ணனுக்குத்தான் ரொம்ப அவமானம். "லைன்ல ஒரு போல்ட்டு பாதி முடுக்கி நின்னாக்கூட, அடுத்த ஷிப்ட்டுக்காரன்ட்ட சொல்லிட்டுத்தானப்பா வர்றோம். சார்ஜ் குடுக்காம எவனாச்சும் கம்பெனி கேட்டத் தாண்டுறமா? வீட்டுல ஒரு உசுர வச்சுக்கிட்டு ஒரு வார்த்த பேசிக்கலயே," என்றார். அன்றிலிருந்து சார்ஜ் கொடுப்பது தொடங்கியது. போகிறவர் காத்திருந்து, வருகிறவரிடம் வாயால் சொல்லிவிட்டுத்தான் போவார்: துடைத்தாயிற்று, மருந்து விட்டாயிற்று, இடது கண் கொஞ்சம் தேவலை. மூவரும் வேலையிலோ தூக்கத்திலோ இருக்கும் நேரத்தில் சார்ஜ் அம்மாவிடம். ஆறின தண்ணீரை ஒரு சொம்பில் மூடி வைத்திருப்பாள். எண்ணெய்ச் சீசாவை மாதா படத்துக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டாள்.

கழுத்து வளையம் கம்பெனி அட்டைப்பெட்டியை வெட்டிச் செய்தது. அதில் ஒரு அம்புக்குறியும், உடையும் பொருள் என்பதற்கான கண்ணாடிக் கோப்பைப் படமும் இருந்தன. அந்த அட்டையை மாட்டிக்கொண்டு சூப்பர்வைசர் எல்லாரையும் இடித்துக்கொண்டு திரிந்தது. அந்த வளையத்தை நான் எடுத்து வைத்திருக்கலாம், மழையில் ஊறிப் போயிற்று.

கண் ஆறியது. தோல் முதலில் கறுத்தது, அப்புறம் முடி வந்தது. ஆனால் பழுப்பாக வரவில்லை, இரண்டு கண்ணையும் சுற்றி வெள்ளையாக முளைத்தது, மூக்குக்கண்ணாடி போட்ட மாதிரி. இப்போதுதான் நிஜமான சூப்பர்வைசர் என்றார்கள். தட்டை வைத்துவிட்டுப் போனவர் திரும்ப வந்து சாப்பிட்டார், அம்மா எதுவும் நடக்காதது போல அவருக்கு ரசம் ஊற்றினாள்.

அண்ணன்கள் வெகுநாள் இருக்கவில்லை. காண்ட்ராக்ட் முடிய முடிய ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியாகப் போனவர் ராமநாதபுரம் அண்ணன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அம்மா முன்னால் நின்று, "ரெண்டு கண்ணும் நல்லாருக்குக்கா. சார்ஜ் ஒப்படைச்சாச்சு," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்குப் பிறகும் பல வருஷம் அந்த வெள்ளை வளையங்களோடு சூப்பர்வைசர் வாசலில் கிடந்து, வருகிறவர் கைகளை எல்லாம் முகர்ந்து பார்த்தது. தெரிந்த கை எதுவும் வராத நாட்களிலும் பார்த்தது.

போன மாதம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆயிற்று. நானும் தம்பியும் தங்கையும் முறை வைத்துப் போய் இருந்தோம். ஒரு சொட்டு மருந்து, இத்தனை வேளை என்று டாக்டர் சொல்லியிருந்தார். தம்பி விட்டிருக்க மாட்டான் என்று நான் விட்டேன். நான் மறந்திருப்பேன் என்று தங்கை விட்டாள். போதாததற்குத் தம்பி எங்கோ படித்துவிட்டுப் பன்னீர் வாங்கி வந்து வைத்தான். அம்மா கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலில் உட்கார்ந்து, கூப்பிட்டவர்களுக்கெல்லாம் முகத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் ஆளாக நான் மருந்துச் சீசாவைத் திறந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சூப்பர்வைசருக்குப் பண்ண மாரி எனக்கும் பண்ணாதீங்கடி," என்றாள். "ஒருத்தர் வாங்க, ஒருத்தர் போங்க. நடுவுல வாயத் தொறந்து பேசிகினு போங்க."

தம்பிக்குப் போன் போட்டேன். எத்தனை மாதம் கழித்து அவனோடு பேசினேன் என்று சொல்ல மாட்டேன். அம்மா கண் எப்படி இருக்கிறது என்பதில் தொடங்கி, வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.